எடை சொல்லும் குரல்

என் கோபக்காரிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

காரைக்குடி அரிசி ஆலைக்கு நான் செய்துகொடுத்த மென்பொருள் நன்றாக ஓடுகிறது. மூட்டையைத் தராசில் வைத்ததும் உன் குரல்தான் எடையைச் சொல்கிறது. நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். ஒரு பொத்தானில் அணைத்துவிடலாம். அணைத்தால் அதுவும் போய்விடுமோ என்று பயம்.

வேறு குரலைப் போட்டுப் பார்த்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் விடவில்லை.

“எங்க, தம்பி, அந்தப் புள்ள? கோவிச்சுக்கிட்டுத் தேவகோட்டைக்குப் போயிருச்சா?” என்று சிரித்தார்கள். உண்மையைத்தான் சொல்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

நேற்று நீ பதிவுசெய்த சொற்களை எல்லாம் தேடினேன். எண்கள், ‘சரி’, ‘இறக்கு’, ‘அடுத்தது’. எவ்வளவு வெட்டி ஒட்டியும் ‘வாரேன்’ என்ற சொல் வரவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை வாயை மூடச் சொன்ன மடையன்