‘காலி’ சொல்ல ஆள் இல்லை

என் நூருக் கழுதைக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வலது கை சுண்டு விரல் நகத்தை ஒட்ட வெட்டினேன். காபிகூட அப்புறம்தான்.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். இதைப் பத்திரிகையில் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பிஸ்டலைத் துடைக்கப் பிரிக்கும் முன் தோட்டாக்கள் இருக்கும் மேகசினை உருவிவிட்டு, மேல் பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண் ஏமாற்றும் என்பதால் சுண்டு விரலையும் விட்டுத் தடவ வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரும் பார்த்து, ‘காலி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் பயிற்சியிலிருந்து எனக்கு நீ சொன்னாய், உனக்கு நான் சொன்னேன்.

இன்று நான் பிரித்தது உன் பிஸ்டலை.

தொப்பூர் கணவாயில், கவிழ்ந்து கிடந்த லாரியைச் சுற்றி நீ வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தபோது, பிரேக் பிடிக்காமல் இன்னொரு லாரி இறங்கி வந்ததே, அன்றைக்கு உன் இடுப்பில் இருந்தது. விசாரணை முடியும்வரை உறையோடு கட்டி வைத்திருந்தார்கள். நேற்று ஆயுதக் கிடங்கு ஏட்டு பெருமாள் போன் செய்தார். துடைத்து, சுட்டுப் பார்த்து, வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். “நாங்களே தொடச்சிடட்டுங்களா மேடம், இல்ல நீங்க வர்றீங்களா?” என்றார்.

நானே கிடங்குக்குப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீ போனதிலிருந்து நான் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை ஒரு ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டராகச் சேர வேண்டும். மறுபடி இடுப்பில் பிஸ்டல். என்னால் முடியுமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

ஸ்லைடைக் கழற்றியதும் உன் வாசனை. தையல் மெஷின் எண்ணெய்! பயிற்சியில் வாத்தியார் இதற்காகத் திட்டியபோது, “எங்க அத்தா மெஷின் இதுலதாங்க சார் ஓடுது, ஒரு நாளும் சிக்குனதில்ல” என்றாய். அவர் சிரிப்பை மறைக்க மீசையைத் தடவினார். அத்தாவின் தையல் கடையில் மிஞ்சும் பாக்கெட் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி எனக்கும் ஒரு கட்டு கொடுப்பாய். “பொடவைக்கு ஃபால்ஸ் அடிக்கத் தெரியாதவ, துப்பாக்கி தொடைக்கிறாளாம்” என்று கூடவே ஒரு குத்தல்.

அந்த எண்ணெய் மஞ்சளாகிப் பசைபோல் ஒட்டியிருந்தது. பேரலுக்குள் பிரஷ் விட்டுவிட்டுத் துணியை இழுத்தேன். கறுப்பாக வந்தது. அடுத்தது கொஞ்சம் வெளுப்பு. வெள்ளையாக வரும்வரை இழுக்க வேண்டும் இல்லையா? ஒவ்வொரு துணியிலும் நீ குறைந்துகொண்டே போனாய். இப்படியே விட்டுவிடலாமா என்று கை நின்றது. விட்டால் துருப்பிடிக்கும். துடைத்தேன். அந்தத் துணிகளை நானே குப்பையில் போட்டேன்.

எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துப் பூட்டியபின் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும். பெருமாள் எட்டிப் பார்த்து, “காலிங்க மேடம்” என்றார். நான் விரலை விட்டுத் தடவினேன். மறுபடி பார்த்தேன். மறுபடி தடவினேன். “காலிதாங்க மேடம்” என்றார், குழந்தையிடம் சொல்வதுபோல. மேகசின் கண்ணெதிரே மேஜைமேல் கிடக்கிறது. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, நூரு. கடைசியில் அவர்தான் என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

உன் குரலில் கேட்டால்தான் நம்புவேன் என்றால், திங்கட்கிழமை யார் வந்து சொல்வார்கள்? காலியா இல்லையா என்று தன் கையையே நம்பாதவள், அதைக் கட்டிக்கொண்டு ஜனங்களுக்குள் போகலாமா?

வீட்டுக்கு வந்தால், என் வீட்டுக்காரர் செல்வம் புதுச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இனிமேல் டீயும் தன் கையால்தானா என்று கிண்டல் வேறு. மொரப்பூரிலிருந்து அம்மா ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். எல்லோருக்கும் சந்தோஷம்.

போன வாரம் டியூட்டி முடிந்து அத்தாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஜீப்பிலிருந்து நான் இறங்கியதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “வா பெரியவளே” என்றார். பெறாத மூத்த மகளுக்கு அவர் வைத்த பெயர். பார்வை என் தோளைத் தாண்டிப் போயிற்று. ஜீப்பிலிருந்து இன்னொருத்தி இறங்கக் காத்திருந்தார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். நான் காக்கியில் போகும்போதெல்லாம் இப்படித்தான்.

வேலையை விடப் போகிறேன், நூரு. திங்கட்கிழமை சேர மாட்டேன். இது அச்சில் வருவதற்குள் செல்வத்திடம் சொல்லிவிடுவேன். இந்த நிமிஷம்வரை உனக்கு மட்டும்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அத்தா கடை திறக்கும்போது, புடவை கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய் இறங்குவேன். இனி எப்போதும் அப்படித்தான் போவேன், சத்தியம். எனக்குப் பின்னால் அவர் தேட வேண்டாம்.

அத்தாவின் பெரியவள்,
உன் அக்கா
மஞ்சுளா