ஞாயிறுவரை ஒரு சொட்டு கூடாது

மார்ச் 9, திங்கள்

விடியலில் பனி. வேலைக்குக் கிளம்ப எங்கள் பழைய காரை வாசலிலிருந்து நகர்த்தினால் தரையில் கறுப்பாக ஒரு வட்டம். இடது முன்சக்கரத்துக்கு உள்பக்கம். விரலால் தொட்டு மோந்தேன். என்ஜின் ஆயில் இல்லை. கூமுட்டை நாற்றம், கியர் ஆயில்தான்.

ஷிப்ட் முடிந்து வரும்போது பாகூரில் மெக்கானிக் அய்யனாரிடம் காட்டினேன். படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். "ஆக்சில் சீல் போயிடுச்சிக்கா. கியர் பாக்ஸ்லேர்ந்து ஆக்சில் வெளிய வர்ற வாயில ரப்பர் வளையம் ஒண்ணு இருக்கும், அதான். ரெண்டு நாளு ஓட்டலாம். திருவிழா போயித்தான் நான் கை வெக்க முடியும், பாரு." அவன் கடை வாசல் பூராவும் வண்டிகள்.

வீட்டில் வந்து சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஏழுமலை இதற்காகவே காத்திருந்த மாதிரி பேசினார். (புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டேன். எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது.)

"ஒழுவுற வண்டிய வச்சினு இன்னா பண்றது? வண்டி வாங்கிக்கறேன்னு சொன்ன மடுகரைக்காரரு ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்றாரு. குடுத்துட்டு ஒரு தட்டு வண்டி எடுத்தா உரமூட்டைக்காவது ஆவும்."

"விடிகாலைல கம்பெனிக்குப் போற எங்க நாலு பேரயும் தட்டு வண்டில ஏத்தினு போவீங்களா?"

நானே சீல் மாத்தறேன் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது. பந்தயம் வைத்தேன்: மாற்றிய பிறகு ஞாயிறுவரை தரையில் ஒரு சொட்டு விழக்கூடாது. விழுந்தால் வண்டி மடுகரைக்காரருக்கு. வாங்கியது என் சீட்டுப் பணத்தில், ஆர்.சி. அவர் பேரில். இல்லாவிட்டால் பந்தயமே தேவையில்லை.

பயம் இல்லை. மாத்திரை கம்பெனியில் என் கைக்கு வந்த மெஷினுக்கெல்லாம் சீல் மாற்றியிருக்கிறேன். பம்பில் மாட்டினாலும் காரில் மாட்டினாலும் ரப்பர் ரப்பர்தான்.

மார்ச் 10, செவ்வாய்

வெயில் சுள்ளென்று. ஷிப்ட் முடிந்து நேரே வில்லியனூர்.

வாங்கியது: இ.பக்க சீல் 2 (ஒன்றை நானே கோணலாக அடித்துக் கெடுத்தால்?). கி. ஆயில். வேஸ்ட் துணி. கல்லுப்பு. சின்னவளுக்கு கிராஃப் நோட்டு. கறிவேப்பிலை மறந்துவிட்டது.

பார்ட்ஸ் கடைக்காரர் என்னையும் பார்த்தார், எனக்குப் பின்னாலும் பார்த்தார். "வூட்ல ஆம்பளைங்க யாரும் வரலியா?"

"வந்திருந்தா வலது பக்கத்து சீல வாங்கினு போயிருப்பாங்க" என்றேன். தேவகிக்கு ஊர் வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

பேக்கிங்கில் என் பக்கத்து மெஷின் தேவகி. வண்டியில் முன்சீட்டு அவளுடையது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "வண்டி போச்சின்னா நானு வேலைய வுட்டுர வேண்டிதுதான். அந்நேரத்துக்கு எந்த பஸ்சு வருது?" பின்சீட்டில் இருந்த மற்ற இரண்டு பேரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள்.

"போவாதுடி" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

மார்ச் 11, புதன்

போன ஞாயிறு வேலை செய்ததற்கு இன்று மாற்று லீவு. தேவகி வந்துவிட்டாள். பழைய நைட்டி, அதன்மேல் அவள் புருஷன் சட்டை.

ஆக்சில் நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்க வேண்டும். ஸ்பேனர்மேல் இரண்டு பேரும் ஏறி மிதித்தோம். ஒரு முனகல், இளகிவிட்டது. பிறகு ஜாக்கி, அய்யனாரிடம் இரவல் வாங்கிய ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்குக் கல்.

அடியில் படுத்ததும் தெரிந்துவிட்டது. ஆக்சிலைச் சுற்றிக் கயிறு மாதிரி உளுந்துக்கொடி! போன வாரம் வீட்டெதிரே ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பி, மணி உதிர வண்டியை அதன்மேல் முன்னும் பின்னும் ஓட்டினோமே, அது. இங்கே எல்லாரும் செய்வதுதான். பஸ்காரர்கூட மிதித்துக் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் பஸ்சுக்கு வயிறு உயரத்தில், எங்கள் வண்டிக்குத் தரையோடு. கொடி சுற்றிச் சுற்றி இறுகி, கியர் பாக்ஸ் வாய்க்குள் நுழைந்து சீலை அறுத்திருக்கிறது. கத்தியால் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஏழுமலையிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாடு மெல்ற சாமானு. இது போயி சீல அறுக்குமா? வண்டி பழசுன்னு சொல்லேன்."

விட்டுவிட்டேன். பழைய ஆயில் பெயின்ட் வாளியில். ஆக்சிலை லிவர் போட்டு நெம்பினால் வரவில்லை. தேவகி காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி திட்டினேன், வந்தது. பழைய சீல் நெளிந்து கிழிந்து கிடந்தது. அது உட்கார்ந்த இடத்தை விரலால் தடவித் தடவித் துடைத்தேன். புது சீலின் ஸ்பிரிங் இருக்கிற பக்கம் உள்ளே. ஆக்சிலைக் கவ்வும் அதன் உள்விளிம்பில், அதாவது உதட்டில், கொஞ்சம் ஆயில். இரும்புக் குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் மெதுவாகத் தட்டினேன். கோணவில்லை.

ரோட்டில் போன ஒருத்தர் நின்றார். "இன்னாம்மா, ரெண்டு பொம்பளைங்க வண்டிக்கு அடியில?"

"கம்மல் வுழுந்துடுச்சிண்ணே, தேடறோம்" என்றாள் தேவகி. அவர் உண்மையிலேயே குனிந்து கொஞ்ச நேரம் தேடிக் கொடுத்தார். பாவம்.

ஆக்சில் உள்ளே போய் 'டக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் போதும். ஆயில் ஊற்றி, நட்டெல்லாம் முறுக்கி, பாகூர் ஏரிக்கரைவரை ஒரு ஓட்டம். நிறுத்தி, அடியில் வெள்ளை அட்டை விரித்தேன். கையெல்லாம் நாற்றம், சோறு ஸ்பூனில்தான்.

மார்ச் 12, வியாழன்

அட்டை சுத்தம். ஏழுமலையும் குனிந்து பார்த்ததைப் பார்த்தேன்.

கம்பெனி முழுக்க தேவகி சொல்லிவிட்டாள். கேன்டீனில் ஒருத்தி: "என் ஸ்கூட்டியும் ஒரு மாதிரி சத்தம் போடுது, வாணி." அதுவும் பார்க்கலாம்.

மார்ச் 13, வெள்ளி

விடியலில் அட்டை சுத்தம். மதியத்துக்குமேல் மேகம். ஷிப்ட் முடிந்து வந்து அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். எழுந்தால் கையில் டீ! இவர் டீ போட்டு எத்தனை வருஷம். சர்க்கரைகூடச் சரியாக. மழை வரவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும்.

மார்ச் 14, சனி

ஒரு சொட்டு.

அட்டையில், நடுவில். மோந்தேன், அதே நாற்றம். அப்படியே வேலைக்குப் போனேன். வண்டியில் யாரிடமும் சொல்லவில்லை. எங்கே தப்பு விட்டேன், சீலைக் கோணலாக அடித்தேனா, ஆக்சிலை உள்ளே விடும்போது உதட்டைக் கிழித்தேனா என்று நாள் முழுக்க இதே. அழுகை வந்தது. பாத்ரூமில் அழுதேன்.

வந்ததும் அடியில் படுத்தேன். மறுபடியும் உளுந்துக்கொடி. புதுசு, காம்பில் இன்னும் பச்சை. புதனன்று நான் ஒரு நார் விடாமல் கீறி எடுத்த இடம் அது.

வெளியே வந்தேன். ஏழுமலை கிணற்றடியில் நின்றுகொண்டு என்னைப் பார்க்காமல் மேகத்தைப் பார்த்தார்.

"நேத்து நான் தூங்கும்போது வண்டிய எடுத்தீங்களா?"

"மழ வர்ற மாதிரி இருந்துச்சி. டிராக்டர்காரன் வரேன் வரேன்னுட்டு வரல. கீழ்க்கழனி உளுந்து அப்டியே ரோட்ல கெடந்துச்சி. சாவி ஆணியில தொங்குச்சி. அஞ்சாறு ரவுண்டுதான்."

அந்த டீ! இப்போதல்லவா விளங்குகிறது.

கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். கேட்கட்டும். என் வேலையைச் சந்தேகப்பட்டு ஒரு நாள் பூரா செத்தேனே, அதற்குத்தான் கத்தினேன். ஆனால் சொட்டு விழுந்தது விழுந்ததுதான். பந்தயத்தில் காரணம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாவது சீல் இருந்தது. நல்லவேளை. வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும். தேவகியைக் கூப்பிடவில்லை. நட்டை மிதிக்க இவரே வந்தார். அப்புறம் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்தார். கொடியைக் கீறி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். புதனன்று போட்ட சீலைக் கழற்றியதும் அதன் உதட்டில் ஒரு காம்பு குத்திக்கொண்டிருந்தது. அதையும் கொடுத்தேன். டார்ச் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அறுக்குது" என்றார்.

புது அட்டை விரித்தாயிற்று. முந்தின அட்டை சுவரில் சாய்ந்து நிற்கிறது, சொட்டோடு. தூக்கிப் போட மனசு வரவில்லை. பந்தயம் பந்தயம்தானே.

மார்ச் 15, ஞாயிறு

வெயில், மேகம் இல்லை. புது அட்டை சுத்தம்.

மடுகரைக்காரர் சொன்னபடி வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல தொப்பை. வந்ததும் முட்டி போட்டு அட்டையைத்தான் பார்த்தார். "ஒழுவுதுன்னு சொன்னியேப்பா ஏழுமல, காஞ்சி கெடக்குது?" அவர் முகத்தில் ஏமாற்றம். ஒழுகலைக் காட்டி விலையைக் குறைக்க வந்த மனுஷர்.

நான் வாசற்படியிலேயே நின்றேன். சுவரில் நேற்றைய அட்டை. அதைக் காட்டினால் முடிந்தது.

ஏழுமலை அதை எடுத்து அவரிடமே நீட்டினார். "நேத்து ஒரு சொட்டு வந்துச்சி. அது நான் பண்ண வேல. அவ போட்ட சீலு ஒழுவல." அப்புறம், "வண்டி குடுக்கலண்ணே. அது இல்லன்னா அவங்க நாலு பேரும் வேலைக்குப் போவ முடியாது."

மடுகரைக்காரர் மோர் குடித்துவிட்டுப் போனார். நான் டம்ளர் கழுவப் போய்விட்டேன்.

மதியத்திலிருந்து தார்ப்பாய் விரித்து மிச்ச உளுந்தைக் கம்பால் அடித்துக்கொண்டிருக்கிறார். தோள் வலிக்கும், வலிக்கட்டும். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"ஆணியில மாட்டாத. உன் பையிலயே வச்சிக்க. இன்னும் பாதி உளுந்து கெடக்குது. மேகத்தப் பாத்தா எனக்கு கை சும்மா இருக்காது."

சாவி பையில். விடிகாலை ஷிப்டுக்கு அலாரம் வைத்தாயிற்று.