கன்னி மூலையில் இரண்டு பைக்

சித்திரை 21, திங்கள்

கத்திரி தொடங்கிவிட்டது. காலை எட்டு மணிக்கே பட்டறைத் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. தங்கச்சி செல்வியின் வீட்டுக்காரர் ராஜேந்திரன் ஒரு டிரெய்லரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். மணமேல்குடியில் மீன் ஏற்றிய பழைய கூண்டு டிரெய்லர். நாலு பக்கமும் அடைப்பு, பின்னால் கதவு, ஒரே அச்சு, ரெண்டு சக்கரம். கதவைத் திறந்ததும் சுப்பையாண்ணன் வாந்தி எடுத்தார். அறுபது வயசு மனுஷன், என் பட்டறையில் வெல்டர். நான் சிரித்தேன்.

மாப்பிள்ளை பத்து வருஷம் வெளிநாடு. இப்போது ரெண்டு பெரிய பைக் வாங்கியிருக்கிறார். ரெண்டையும் இதற்குள் ஏற்றி, இதற்குள்ளேயே சமைத்துப் படுத்து, ஜீப்பில் இழுத்துக்கொண்டு மலை மலையாகப் போகணுமாம். அங்கே பைக்கை இறக்கி ஓட்டுவாராம். பைக்கிலேயே மலைக்குப் போனால் என்ன என்று கேட்கவில்லை. எங்கள் பக்கம் பெண் கொடுத்தவன் மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசக்கூடாது. கேள்வி கேட்பதும் அதில் சேர்த்தி.

(இனி மா. என்றே எழுதுவேன். மூணாங்கிளாஸ் கை. நீளமாக எழுதினால் வலிக்கிறது.)

வேலை:
கழுவ பிளீச்சிங் பவுடர், புளி
தளத்துக்குப் பிளைவுட்
கட்டில் ஒன்று
அடுப்பு மேடை
தண்ணீர் டேங்க்
ஜன்னல் ரெண்டு
பைக்கைக் கட்ட வளையம், எட்டோ பத்தோ

சித்திரை 22, செவ்வாய்

மூன்று முறை கழுவியாச்சு. நாற்றம் போகவில்லை. தெருப் பூனை எல்லாம் சக்கரத்தடியில் குடியேறிவிட்டது. ஒன்றை உதைத்தேன்.

மத்தியானம் செல்வி சோறு கொண்டுவந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயா அண்ணே படுக்கணும்?"

"ஒம் புருஷனக் கேளு."

"கேட்டா கத்துவாரு."

"அப்ப படு."

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். குழம்பில் உப்பு இல்லை.

சித்திரை 24, வியாழன்

மா. புதுக்கோட்டையிலிருந்து வாஸ்துக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். வீட்டுக்கு வாஸ்து பார்த்துக் கேள்விப்பட்டிருக்கிறேன். மாட்டுக்கொட்டகைக்குக்கூட. வடகாட்டில் ஒருத்தன் கோழிக்கூண்டுக்குப் பார்த்தான், மறுவாரம் கீரி புகுந்து அத்தனையும் காலி. சக்கரம் வைத்த சாமானுக்கு இப்போதுதான் பார்க்கிறேன். டிரெய்லரின் மூக்கில் திசைகாட்டியை வைத்தார்.

"வீட்டுல எங்கிட்டு பாத்து நிப்பாட்டுவீங்க?"

"கெழக்க பாத்துங்க," மா.

"அப்ப பின்னாடி வலப்பக்கம் கன்னி மூலை. பாரம் பூரா அங்கிட்டுதான் இருக்கணும். ரெண்டு பைக்கையும் அங்கன கட்டிருங்க. முன்னாடி இடப்பக்கம் ஈசானியம். காலியா கெடக்கட்டும்."

வாய் சும்மா இருக்கவில்லை. "ரோட்டுல வண்டி திரும்புறப்ப மூலை மாறாதுங்களா?"

மா. அவரைப் பார்த்துச் சிரித்தார். "மச்சான் கைநாட்டுங்க. அளவு சொன்னா வெட்டுவாரு, அம்புட்டுத்தான்." வாஸ்துக்காரரும் சிரித்தார். சுப்பையாண்ணன்கூடத் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

"மச்சான், ரெண்டு டீ வாங்கிட்டு வாங்க."

போனேன். எனக்கு வாங்கவில்லை.

ரெண்டு பைக்கும் அச்சுக்குப் பின்னால். மாட்டுவண்டி ஓட்டினவனுக்குத் தெரியும், இதுதான் பின்பாரம். கீரமங்கலம் சந்தைக்கு ஒருத்தன் பலாப்பழத்தை எல்லாம் வண்டியின் பின்னால் அடுக்கிக்கொண்டு வந்தான். மேடு ஏறும்போது வண்டி பின்னால் சாய, நுகத்தடி மேலே போய்விட்டது. மாடு ரெண்டும் கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது. கண் பிதுங்குகிறது. சந்தையே சிரித்தது. ஒன்று செத்தது. நானும் சிரித்தேன், பிறகு ஒரு பலாப்பழத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். நல்ல பழம்.

டிரெய்லருக்கும் அதுதான். மூக்கு தூக்கும். வேகம் எடுத்தால் வால் ஆடும். ஆட ஆரம்பித்தால் ஜீப்பையும் சேர்த்துச் சுருட்டும்.

சித்திரை 25, வெள்ளி

காற்றே இல்லை. சுப்பையாண்ணன் பக்கத்தில் வந்து மெதுவாக:

"தம்பி, அச்ச ஒன்றரை அடி பின்னாடி தள்ளிருவமா? நாலு கிளாம்பு. அரை நாள் வேல."

"அவருதான் படிச்சவரு. நீங்க கட்டிலுக்கு வெல்டு வைங்க."

சும்மா இருக்கவில்லை அந்த ஆள். மா. வந்ததும் தானே போய்ச் சொன்னார். மா. என்னிடம் வந்தார். "இந்தக் கெழவன் நாளைக்கு இங்க இருக்கக் கூடாது மச்சான்." இருபது வருஷமாக என்னோடு இருக்கிற ஆள். வராதீங்கண்ணே என்று சொல்லிவிட்டேன். அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடி அவருடையது, மகன் வாங்கிக் கொடுத்தது. எடுத்துக்கொண்டு போங்க என்று சொல்லவில்லை. நேற்று அவர் தோள் குலுங்கியதே.

அச்சை நானே மாற்றலாம். யாருக்கும் தெரியாது. மாற்றவில்லை. ஏதோ ஒரு வளைவில் டிரெய்லர் கவிழ்ந்து, பைக் ரெண்டும் நசுங்கி, நாலு பேர் முன்னால் மா. இடுப்பில் கை வைத்து நிற்பதை நினைத்துக்கொண்டே கட்டிலுக்குப் பெயின்ட் அடித்தேன். மஞ்சள். நன்றாக வந்திருக்கிறது.

சித்திரை 27, ஞாயிறு

பைக் ஏற்றியாச்சு. டிரெய்லர் மூக்கை ஒற்றைக் கையால் தூக்கினேன். முறம் மாதிரி எழும்புகிறது.

செல்வி மெத்தை, தலையணை, புது உறையோடு வந்தாள். உள்ளே விரித்தாள். மா. வாசலில் நின்று:

"நாளைக்கு திருமயம் வரைக்கும் ஓட்டிப் பாப்பம். நீ உள்ள படுத்துக்க. குலுங்குதான்னு சொல்லணும்."

"நான் ஒருத்தியாவா?"

"பின்ன? பைக்கு ரெண்டும் தொணைக்கு இருக்கு."

சிரித்தாள். அவர் அவளோடு விளையாட்டாகப் பேசி நான் கேட்டதில்லை. வண்டி ஓடும்போது இவள் உள்ளே படுப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. சொல்லிவிட்டேன். பின்பாரம், வால் ஆடும், தங்கச்சியை ஏற்றாதீங்க, அரை நாள் குடுங்க, எல்லாம்.

"பாத்தியா ஒங்கண்ணன. ஏழு நாளா வாயத் தெறக்கல. கெளம்புறப்ப அபசகுனம் பேசுறாரு."

"இல்ல மாப்ள, நெசமாத்தான்."

செல்வி மெத்தையிலிருந்து இறங்கி வந்தாள். "மொதல்லயே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

டிரெய்லர் மூக்குப் பக்கம் நடந்தேன்.

"பொய். ஒம் பொண்டாட்டி ஒன்ன விட்டுட்டுப் போயிட்டா. நான் என் புருஷனோட நாலு எடம் போனா ஒனக்கு ஆகல. சின்னதுலேர்ந்தே நீ அப்படித்தான் அண்ணே."

ஜீப்பையும் டிரெய்லரையும் சேர்க்கிற இரும்பு ஆணியை உருவிப் பட்டறைக் கிணற்றில் போட்டேன். மா. கோபப்படவில்லை. போனை எடுத்து அதைப் படம் பிடித்தார், கிணற்றையும் என்னையும். சொந்தக்காரர்களுக்கு அனுப்புவாராம். செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. "இனிமே ஒன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

சித்திரை 28, திங்கள்

வானம் வெளுப்பு. வெயில் ஏறவில்லை. மா. வேறு ஆணி வாங்கிவந்து மாட்டிவிட்டார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். செல்வி ஏறினாள், பட்டுச் சேலை. கதவுக்குத் தாழ் வெளியேதான், மீன் பெட்டிக்கு உள்தாழ் எதற்கு. நான் வைத்திருக்கலாம். மா. தாழைப் போட்டு, ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். போனார்.

மொபட்டில் கொத்தமங்கலம் வரை விரட்டினேன். ஜீப்பைப் பிடிக்க முடியுமா. போன் போட்டேன். இருவருக்கும். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. பட்டறைக்குத் திரும்பினேன். பூனைகள் டிரெய்லர் நின்ற இடத்தையே மோந்துகொண்டு கிடந்தன.

பதினோரு மணிக்குச் சுப்பையாண்ணன் வந்தார், ஆலங்குடியிலிருந்து பஸ்ஸில். உள்ளே வரவில்லை. ரோட்டிலேயே நின்றார்.

"எதுக்க அந்த டிரெய்லரப் பாத்தேன் தம்பி. வாலு இந்தாண்ட அந்தாண்ட அடிக்குது. பஸ்ஸுக்காரன் பயந்து ஓரங்கட்டிட்டான். அவரு ஒருத்தருதான் ஜீப்புல இருக்காரு, பாட்டு போட்டுக்கிட்டு. தங்கச்சி வரலையா?"

வரவில்லை என்றேன்.