வெள்ளைக் காளான்

திருவண்ணாமலை
28.11.1978

அன்பு மகன் ராஜேந்திரனுக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். நீ சுகம் என்று உன் கையெழுத்தில் பார்க்கும்வரை எங்களுக்கு நிம்மதி இல்லை. காளான் சாப்பிடாதே என்று காலையிலேயே தந்தி கொடுத்தேன். இதற்கா தந்தி என்று தபாலாபீஸில் இரண்டு முறை கேட்டார்கள். குளிர் தொடங்கியதும் ஷில்லாங்கில் பைன் மரத்தடியில் சிவப்பு, மஞ்சள், ஊதா என்று காளான் முளைத்துக் கிடப்பதாகவும், அப்பா சொல்லிக்கொடுத்தபடி கலரை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் ஞாயிற்றுக்கிழமை சமைக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். கடிதம் நேற்றுதான் வந்தது. நடுவில் ஒரு ஞாயிறு போய்விட்டது, அம்மா சோறு தொடவில்லை.

பக்கத்து வீட்டு மணியம்மாள் இறந்துவிட்டாள். இருபதாம் தேதி திங்கட்கிழமை மலைக்குப் பின்னால் விறகுக்குப் போனவள் மடி நிறையக் காளான் பறித்து வந்து வழக்கம்போல என்னிடம் காட்டினாள். நான்தான் சிவப்பையும் மஞ்சளையும் பொறுக்கி எறிந்தேன். வெள்ளை வேகும்போது என் வெள்ளி மோதிரத்தைப் போட்டுப் பார்த்தேன், கறுக்கவில்லை, பயப்படாமல் சாப்பிடு என்றேன். எங்களுக்கு சோமவார விரதம், அவள் புருஷன் சடையன் வண்டியோடு கீழ்பென்னாத்தூர் போயிருந்தான், அவள் மட்டும்தான் சாப்பிட்டாள். மறுநாள் விடிந்ததும் வாந்தி பேதி. புதன்கிழமை எழுந்து வாசல்கூடத் தெளித்தாள். வெள்ளிக்கிழமை கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. நிறத்தையும் வெள்ளியையும் வைத்து விஷம் கண்டுபிடிக்க முடியாது, வெள்ளையிலேயே ஆளைக் கொல்லும் ஜாதி இருக்கிறது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். இத்தனை வருஷம் நான் பொறுக்கி உனக்குப் போட்டும் நீ பிழைத்தது வெறும் அதிர்ஷ்டம்தான் ராஜேந்திரா. சடையன் நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பொறுக்கிக் குடுத்தும் செவப்பு ஒண்ணை எடுத்துப் போட்டிருப்பாண்ணே, அவ என்னிக்கு சொன்ன பேச்சு கேட்டா" என்று அழுதான். நான் கையை விடுவித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வயிற்றில் சின்ன வலி வந்தாலும், வந்து சரியானது போலிருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. உன் சிநேகிதர்களுக்கும் சொல். கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. பதிலைத் தந்தியில் கொடு, மறக்காதே. இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராகச் சடையன் வீட்டுக்குப் போகிறேன். மணியம்மாள் நான் சொன்ன பேச்சைக் கேட்டதால்தான் செத்தாள் என்று அவனிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்பாதுரை