நிலா வண்டியின் பின்சீட்டு

ஜூன் 3, செவ்வாய்

என் வீட்டுக்காரர் நிலாவில் ஓட்ட ஒரு வண்டி வரைகிறார். ஏதோ போட்டியாம். செய்ய வேண்டாம், வரைந்து அனுப்பினால் போதுமாம். இவருக்கென்றே, பாத்திரக்கடை பரீதுக்கென்றே வைத்த போட்டி. எங்கள் மொட்டைமாடிப் படிக்கட்டையும் கல்யாணமான புதுசிலேயே வரைந்து வைத்துவிட்டார். இன்னும் ஏணியில் ஏறித்தான் வத்தல் காயப்போடுகிறேன்.

ஜூன் 9, திங்கள்

உட்கார்ந்து பார்க்க மாதிரி வண்டி ஒன்று வேண்டுமாம். மரச்சட்டம் அடித்து, ஸ்கூட்டரின் பின்சீட்டைக் கழற்றி அதில் பொருத்திவிட்டார். நான் தினமும் சித்தூர் தையல் கடைக்குப் போவது அந்தச் சீட்டில்தான். "ஏனுங்க, நான் எதுல போறது?" என்றேன். "பஸ்ஸு இருக்குதில்ல?" என்றார். நிலாவுக்குத்தான் பஸ் இல்லை, பாவம்.

ஜூன் 12

பஸ்ஸில் நின்றபடியே போனேன். லேட். கடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த வேலை போனால் நிலாவிலிருந்தா சம்பளம் வரும்?

ஜூன் 17

படத்தைக் காட்டினார். ஆறு சக்கரம், தூசி தட்ட பிரஷ், டிபன் கேரியர் மாட்டக் கொக்கி. சீட்டு ஒன்றே ஒன்று.

"நானு?"

"எடை கூடுமல்ல புள்ள."

கேலியாகத்தான் கேட்டேன். ஆனா சுருக்குன்னு இருந்துச்சு. அங்கயும் எனக்கு இடமில்லையா? சோறு போட்டேன். பேசலை.

ஜூலை 21, திங்கள்

முடிவு வந்துவிட்டது. மகள் ஹஸீனா போனில் படித்துக் காட்டினாள். ஒருவர் மட்டும் போகும் வண்டிதான் கேட்டார்களாம், இவர் இரண்டு சீட்டு வரைந்திருக்கிறாராம், அதனால் தள்ளிவிட்டார்களாம்.

ரெண்டா? எப்ப மாத்துனாரு?

"ஒரு சீட்டுதான்னு தெரியாதுங்களா?" என்றேன்.

"தெரியும். நீதான் மூஞ்சிய தூக்கி வெச்சுட்டு பேசாம இருந்தியே. உன்னைய உட்டுட்டு அங்க போயி நான் என்ன பண்றது?"

அழுகை வந்தது. வந்து என்ன — நாளைக்கும் பஸ்தான்.

ஜூலை 22

மறுபடி லேட். இன்னொரு தடவை இப்படியானால் வரவே வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 23

விடிந்ததும் நானே ஸ்பானர் எடுத்து மரச்சட்டத்திலிருந்து சீட்டைக் கழற்றினேன். "அடுத்த போட்டிக்கு வேணுமே" என்று பதறி ஓடி வந்தார்.

"உங்க வண்டி நிலாவுக்குப் போகலைன்னாலும் சீட்டாவது சித்தூர் வரைக்கும் போகட்டுங்க" என்றேன்.

ஸ்பானரை வாங்கி, சீட்டை ஸ்கூட்டரில் அவரே முடுக்கினார்.

கடை திறக்கும் முன்பே போய் நின்றேன்.