ஐந்து பேருக்கு வாங்கிய கீசர்

அன்புள்ள மாமிக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டேன், அது பொய்யில்லை. ஆனால் உங்கள் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நேற்று ஹட்டனில் கரண்ட் சாமான் கடைக்கார நானா முன்னால் நின்று, போகிற வருகிற சனம் எல்லாம் பார்க்க அழுதேன். அழ வைத்தது நீங்கள்தான். போய்ச் சேர்ந்து பத்து மாதமாகியும் மருமகளை நிம்மதியாக இருக்க விடமாட்டீர்களா?

நம் வீட்டுக் கீசர் செத்துப்போய்விட்டது மாமி. அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, குளியலறை முழுக்கத் தண்ணீர். மாமாவுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராதே, சட்டியை வைத்து இரண்டு நாள் பிடித்துப் பார்த்தார். டயகமவில் இந்த மாதம் விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது, பச்சைத் தண்ணீரில் யார் கை வைப்பது? அதனால் புதிது வாங்க நான் போனேன்.

அந்தப் பழையதை வாங்கின நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? லயத்து வரிசை வீட்டை விட்டு இந்தத் தனி வீட்டுக்கு வந்த புதிது. என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கடை வாசலில் நின்றேன். உள்ளே நானா, "ஊட்டுல எத்தன பேரு?" என்று கேட்டார். நீங்கள் விரலை மடக்கி ஏதோ சொன்னீர்கள். தெருவில் பஸ் ஹோர்ன் அடித்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் சொன்னது மட்டும் நன்றாகக் கேட்டது. "அஞ்சு பேரு நானா."

அஞ்சா? நின்ற இடத்திலேயே எண்ணினேன். மாமா, நீங்கள், உங்கள் மூத்த மகன், சின்ன மகன், பேத்தி. அஞ்சு சரியாக வந்தது. அப்போ நான் யார்? இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், சோறாக்க ஆள், குளிக்க ஆளில்லையா?

ஒருவருக்குச் சுடுதண்ணீர் பத்து லீட்டர், பச்சைத் தண்ணீர் கலந்தால் நிறைந்த ஒரு வாளி, அஞ்சு பேருக்கு ஐம்பது லீட்டர் போதும் என்று நானா அளந்து சொன்னார். வாங்கிக்கொண்டு வந்தோம். பஸ்ஸில் நான் உங்களோடு பேசவே இல்லை. நீங்கள் அதைக் கவனித்தீர்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

எட்டு வருஷம் மாமி! எட்டு வருஷம் அந்த அஞ்சை மனசுக்குள் போட்டு மென்றேன். முன்பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வருகிறவள் நான். மாமா கீசரைப் போட்டு நிறுத்தினதும் முதல் ஆளாகப் போய்க் குளிப்பேன். ஒரு வாளி இல்லை, வீம்புக்கு இரண்டு வாளி. என்னை ஆளாகவே எண்ணாத வீட்டில் இரண்டு ஆள் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறேன், யார் கேட்கிறார்கள் பார்ப்போம் என்று ஒரு திமிர்.

யாரும் கேட்கவில்லை. ஆம்பளைகள் மூன்று பேரும் குளிப்பார்கள், பேத்தியை மாமா தன் வாளியிலேயே குளிப்பாட்டுவார். தேயிலைக் கொழுந்து பறித்து நிறுத்துப் போட்டுவிட்டு நீங்கள் நனைந்து வரும்போது குழாயில் பச்சைத் தண்ணீர்தான் இருக்கும். மறுபடி போட்டால் மீட்டர் ஓடும் என்று மாமா விடமாட்டார். நீங்களும் வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் பீலிக்குப் போய்விடுவீர்கள், மலையிலிருந்து விழுகிற அந்தப் பனித் தண்ணீரில் நிற்க.

"எனக்குப் பீலிதான் பழக்கம். சுடுதண்ணி ஊத்துனா ஒடம்பு கூசுது." நல்லாத்தான் பொய் சொன்னீர்கள்! பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் நம்பினார்கள், கட்டின புருஷனும் நம்பினார். நம்புவது அவர்களுக்கு வசதியாக இருந்தது. எனக்கும்தான்.

ஒரு நாள் நான் வாய்விட்டுக் கேட்டேன். "ஆறாவது ஆளு நான். இந்தத் தண்ணியில எனக்குப் பங்கு இருக்கா மாமி?" நீங்கள் தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தீர்கள். "என்னடி பேச்சு இது? போய்க் குளி தாயி, ஆறிரப் போகுது." அவ்வளவுதான். ஏன் இப்படிக் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா?

போன வருஷ மழைக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். நுரையீரல் தளர்ந்துபோச்சு என்று டொக்டர் சொன்னார். தண்ணீரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று அதே நானா, அதே கேள்வி. "ஊட்டுல எத்தன பேரு மகள்?" உங்கள் சின்ன மகனுக்குத் தை மாதம் கல்யாணம், உங்களுக்கு அதை இன்னும் சொல்லவில்லையே. பொண்ணு கொத்மலைப் பக்கம், சிரித்த முகம். அவளையும் சேர்த்து விரலை மடக்கினேன். மாமா, இவர், கொழுந்தன், வரப்போகிறவள், மகள். "அஞ்சு பேரு நானா."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "அப்ப நீங்க குளிக்கிறதில்லையா?"

ஐயோ, என்னை நான் விட்டுவிட்டேன் மாமி.

"மாமிக்கேத்த மருமக," என்று சிரித்தார். "அவங்களும் இப்படித்தான். மொத வெரல மடக்கி மருமகளுன்னாங்க. ரப்பர் தோட்டத்துப் புள்ள, இந்தக் குளிருல பல்லு கிட்டிப்போகுது, அதுக்காகத்தான் இந்தச் சாமானே வாங்க வந்தேன்னாங்க. பொறகுதான் புருஷன், மகன்மாரு, பேத்தி. அப்ப நீங்கன்னு ரெண்டு தடவ கேட்டேன். பெருசு போட்டா வீட்டு வயர் தாங்காது, நான் பீலியில குளிக்கிறவ, என்னைய விடுங்கன்னாங்க. பல்ப் வாங்க வரும்போதெல்லாம் நான் கேப்பேன், இன்னும் பீலிதானான்னு. சிரிச்சிட்டுப் போயிருவாங்க."

கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது! பல்ப் விற்கிறவனுக்குச் சொன்னதை, ஒரே கூரையின் கீழ் இருந்த என்னிடம் சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? "உனக்காகத்தான் வாங்கினேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், அந்த இரண்டாவது வாளியை நான் தொட்டிருப்பேனா? நீங்கள் வாயை மூடிக்கொண்டு நல்லவளாகப் போய்விட்டீர்கள். உங்கள் தண்ணீரை எடுத்து ஊற்றிக்கொண்டவளாக நான் நிற்கிறேன். மன்னிப்புக் கேட்க ஆளில்லை, சண்டை போடவும் ஆளில்லை.

எண்பது லீட்டரில் பெரியதாக வாங்கிவிட்டேன். இன்றைக்கு வயர்மேன் வந்து கீசருக்கென்று தனி வயர் இழுத்துக் கொடுத்தார். அரை நாள் வேலை. அரை நாள் வேலை மாமி! இதற்காகவா எட்டு வருஷம் பீலியில் போய் நின்றீர்கள்?

சாயங்காலம் எல்லோரும் குளித்த பிறகு குழாயைத் திறந்து கையை வைத்துப் பார்த்தேன். இன்னும் சுட்டது. கையை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

என் கோபம் தீரவில்லை, தீராது. ஆனால் ஒரு சத்தியம் செய்து தருகிறேன். கொத்மலைக்காரி வந்த அன்றைக்கே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இந்தக் கீசர் யார் யாருக்கு என்று விரலை மடக்கி, அவள் காது கேட்க எண்ணுவேன். முதல் விரல் அவள். ஒரு கை முடிந்ததும் மற்றக் கையைத் தூக்கி, அதில் ஒரு விரலை மடக்கி, என்னையும் எண்ணுவேன்.

நீங்கள் முதல் விரலில் மடக்கின உங்கள் மருமகள்,
செல்வி