கவசம் சரிந்த நாயகி

நலம் பெருகுக. ஏழேரிக் காவலர், அறம் பிறழா அரியணைக்குரியார், ஆற்றூர் நாட்டு அரசி மலையமங்கை தேவியாரின் திருமுன்பு வெண்ணிக்குன்ற நாட்டு எழினி ஆதன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் கரை தொட்டு நிற்க. தங்கள் குடிகள் குறைவின்றி வாழ்க. எம் பெயருக்கு முன் பட்டம் எதுவும் எழுத வேண்டாமென்று ஓலை எழுதுவோரை யாமே தடுத்தோம்.

சென்ற திங்கள் தங்கள் தூதர் எம் அவைக்கு வந்தார். நீர்காத்த நாயகியின் செப்புத் திருமேனி எம் நாட்டிலிருந்து மீண்டது முதல் மெலிந்திருப்பதாகவும், பரம்பரைப் பொற்கவசம் தோளில் நில்லாமல் சரிவதாகவும், அமுதில் குறைவைத்தார் என்று ஊர் பழித்ததால் முதிய பூசகர் சேந்தனார் மடைப்பள்ளிச் சாவியை வைத்துவிட்டுப் போனதாகவும், தாங்கள் ஒருபொழுது உண்டு நோன்பிருப்பதாகவும் சொன்னார். பின்பு கைகூப்பி, தாயார் இங்கு எழுந்தருளிய நூறு நாளும் எதை விரும்பி அமுது செய்தாள் என்று கேட்டுவரத் தாங்கள் பணித்ததாகத் தெரிவித்தார். யாம் தலை நிமிரவில்லை.

நாயகி மெலியவில்லை, தேவியாரே. மூன்றாண்டுகளாகத் தாங்கள் நீராட்டுவது எம் பட்டறையில் வார்த்த போலியை.

எம் நாடு வறண்ட ஆண்டில், கேட்டதும் மறுசொல் இன்றித் தாயாரை அனுப்பிவைத்தீர்கள். அவள் வந்த ஒன்பதாம் நாள் மழை பெய்தது. அவளைத் திருப்பியனுப்பினால் மழையும் உடன் போய்விடுமென்று அஞ்சி, திருமேனிமேல் களிமண் அப்பி அச்செடுத்து இன்னொன்று வார்க்குமாறு எம் சிற்பி காரிதேவனைப் பணித்தோம். உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும், வார்ப்பு மூலத்தினும் ஒரு விரற்கடை சிறுத்தே வரும், மூலத்துக்கு அளவெடுத்த கவசம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர் எச்சரித்தார். தெய்வத்தை எவர் அளந்து பார்க்கப்போகிறார் என்று யாம் சிரித்தோம். உப்பும் புகையும் ஏற்றிப் பழமையாக்கி, யானை முன்செல்ல, சங்கு முழங்க அந்த வார்ப்பை அனுப்பிவிட்டு, மூலத்தை அரண்மனைக்குள் ஒளித்தோம். அதன்பின் மழை தன் விருப்பப்படியே வந்தது, போனது.

எவரும் அளக்கவில்லை. எம்மை ஐயுறாமல் தங்களையே ஐயுற்றீர்கள்.

இவ்வோலையின் பின்னே மூலத் திருமேனி வருகிறது. பல்லக்கின் முன்தண்டை யாமே சுமந்து வெறுங்காலுடன் வருகிறோம். எல்லையில் நிறுத்தினால் அங்கேயே நிற்போம். புறப்படுமுன் எம் குடிகளிடம் உண்மையைச் சொன்னோம். அவர்கள் நாயகியை வணங்கினார்கள். எம் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வார்ப்பை உருக்கிவிட வேண்டாமென்று இரக்கிறோம். தங்கள் குடிகளின் சோற்றையும் கண்ணீரையும் மூன்றாண்டு ஏற்றவள் அவள், பொய் எம்முடையது. தங்களுக்கு வேண்டாமெனில் அனுப்பியருள்க. எம் கோட்டை வாயிலில் கோயில் எடுத்து, அவள் வந்த கதையைப் பீடத்தில் பொறித்து வைப்போம்.

தாங்கள் கேட்டதற்கு விடை இது: சேந்தனார் சொல்லியனுப்பிய பச்சரிசிச் சோறும் பாசிப்பருப்பும் அன்றி வேறெதையும் யாம் படைக்கவில்லை. அவர் அமுதில் ஒருநாளும் குறையில்லை.

போலியை அனுப்பிய ஓலையில் பதித்த இலச்சினையை இதில் பதிக்க நாணி, கைந்நாட்டு மட்டும் இட்டோம். ஆணையிடும் தகுதி எமக்கில்லை, வேண்டுகோள் ஒன்றே. இதைத் தனியறையில் படிக்க வேண்டாம். சேந்தனாரை வரவழைத்து, அவரைப் பழித்தவர்கள் கூடியிருக்க, உரக்கப் படிக்கச் செய்க. நாயகிக்குக் கவசம் சாற்றுமுன் மடைப்பள்ளிச் சாவியை அவர் கையில் கொடுத்தருள்க.